அரைப்புள்ளிக்கு அப்புறம்

எங்கள் மருதம்பத்தில் ஒரு வைகாசி மாதக் காலையில், தண்ணீர் பிடித்து முடித்த கையோடு ஊரே குழாயை மூடியது. மேலத்தெரு மூடியது, கீழத்தெரு மூடியது, பள்ளிவாசல் தெரு மூடியது, ஊருக்குக் குழாய் வந்த நாளிலிருந்து ஓயாமல் ஒழுகித் தன் காலடியில் ஒரு சேம்புக் காட்டையே வளர்த்து வைத்திருந்த சந்தைமுக்குக் குழாயைக்கூட யாரோ போய் இறுக்கி மூடியிருந்தார்கள். இதில் என்ன அதிசயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அவர்கள் எங்களோடு வாழ்ந்ததில்லை. 'எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் குழாயை மூடுங்கள்' என்று பேரூராட்சி ஒலிபெருக்கி வருடக்கணக்காகக் கத்தியும், அதைக் கேட்டு ஒரு குழாயைக்கூட மூடாத வைராக்கியம் எங்களுடையது. அப்படிப்பட்ட நாங்கள், அன்று அந்த வாசகம் காதில் விழுந்ததும் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போய், குழாயைத் திருகி மூடிவிட்டு, எதற்காக மூடினோம் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவரை ஆள் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பை, பேரூராட்சி முதல்முறையாகக் கோமதிநாயகத்தின் கட்டளை வழியாகச் சொல்லியிருந்தது.

கோமதிநாயகம் மேலத்தெருக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பட்டணத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தபடியே எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்தவர். மிச்ச நேரத்தில், உலகம் முழுக்க இருக்கும் பத்திரிகை படிக்காத, வெயில் படாத ஆட்கள் கூடி, யாரும் கேட்காமல், யாரிடமும் கூலி வாங்காமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு இயங்குதளத்துக்குத் தானும் எழுதினார். அதில் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்கிற சின்னச் சின்னக் கட்டளைகள் உண்டு. கோப்பை நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று, தேட ஒன்று. ஒரு இயந்திரத்திலிருந்து பல இயந்திரங்களுக்குச் செய்தி சொல்ல ஒன்று தேவைப்பட்டபோது அதை எழுதியவர் எங்கள் கோமதிநாயகம். அதற்கு அவர் வைத்த பெயர் 'சொல்'. இது எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியாததால் பெருமை அதிகமாகவே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் அவருக்குக் கூலிங்கிளாஸ் மாட்டிய ஃப்ளெக்ஸ் வைத்து, 'உலகக் கம்ப்யூட்டர்களுக்கே உத்தரவு போடும் எங்கள் ஊர் உத்தமரே' என்று எழுதினோம். பேரூராட்சி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, அவர் கட்டளையைப் போட்டு, ஒலிபெருக்கியோடு இணைத்ததும் அந்தப் பெருமையில்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூரதேசத்து மாணவி ஒருத்தி கோமதிநாயகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். செய்திக்கு நடுவே ஒரு அரைப்புள்ளி வைத்து, அதற்கு அப்புறம் எதை எழுதினாலும், கேட்கிற இயந்திரம் அதைச் செய்தி என்று நினைக்காமல் உத்தரவு என்று நினைத்து நிறைவேற்றிவிடுகிறது, இது பெரிய ஓட்டை, தயவுசெய்து அடையுங்கள் என்று பணிவாகக் கேட்டிருந்தாள். அதற்குக் கோமதிநாயகம் என்ன பதில் போட்டார் என்பதை அவரே ஜெபமணி அண்ணாச்சியின் டீக்கடையில் எங்களுக்குச் சொன்னார்.

"அது ஓட்டை இல்ல, நான் காத்து வர வச்ச ஜன்னல்னு எழுதிட்டேன்."

நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அவருக்கு இன்னொரு வடை எடுத்துக் கொடுத்தோம். ஓட்டை எது, ஜன்னல் எது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இயந்திரத்தில் இருந்த ஓட்டை எங்களுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், ஒலிபெருக்கி வழியாகக் காதுக்குள் இறங்கியது என்று ஒரு கட்சி இருக்கிறது, தண்ணீரோடு வந்தது என்று ஒரு கட்சி இருக்கிறது, "நாம எப்பவும் இப்படித்தான் இருந்தோம், இப்பத்தான் ஆள் கண்டுபிடிச்சிருக்கான்" என்று ஜெபமணி அண்ணாச்சி தனிக்கட்சியாக இருக்கிறார். அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. முதலில் மாட்டியவர் அவர்தான். மரக்கடைக்காரர் ஒருவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஒரு டீ போடுங்க," என்று சொல்லி, அரை மூச்சு விட்டு, "அப்புறம் ஒத்தக் கால்ல நில்லுங்க" என்று சும்மா சிரிப்புக்குச் சொன்னார். ஜெபமணி அண்ணாச்சி டீயை ஆற்றி, நுரை பொங்க மேசையில் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"கால எறக்குங்க அண்ணாச்சி."

"எறக்கணும்னுதாம்வே நானும் பாக்கேன். எறங்க மாட்டேங்கே."

இன்னொரு டீ கேட்டு, அரை மூச்சு விட்டு, 'அப்புறம் காலை இறக்குங்க' என்று சொன்ன பிறகுதான் கால் தரைக்கு வந்தது. சட்டம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது: முதலில் சாதாரணமாக ஒரு காரியம் கேட்க வேண்டும், கேட்கப்பட்டவர் அதைச் செய்ய இசைய வேண்டும், ஒரு அரைப்புள்ளி நேரம் மூச்சு விட வேண்டும், அப்புறம் 'அப்புறம்' என்று சொல்லி எதைச் சேர்த்தாலும் அது நடந்துவிடும்.

எந்த ஊரும் இதைக் கண்டு பயந்திருக்கும். நாங்கள் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பழகிவிட்டோம். மனைவிமார் கணவர்களை, முதுகைச் சொறியச் சொல்லி, அப்புறம் குளிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் வாத்தியாரிடம் கரும்பலகையைத் துடைக்கச் சொல்லி, அப்புறம் மணியடிக்கச் சொன்னார்கள். நிற்காமலே போய்க்கொண்டிருந்த பாயிண்ட் டு பாயிண்ட் பஸ், டிரைவரிடம் யாரோ வத்திப்பெட்டி கேட்டதிலிருந்து எங்கள் ஊரில் நிற்க ஆரம்பித்தது. தமிழாசிரியர் அருணாசலம்பிள்ளை மட்டும், 'பொறவு' என்று சொன்னாலும் வேலை நடக்கிறது, 'பின்னர்' என்று சொன்னால் நடக்கவில்லை என்று கண்டுபிடித்து, தூய தமிழுக்கு ஓட்டையில்கூட இடமில்லையே என்று மனம் வெதும்பிப் போனார்.

சங்கடம் போனில்தான் வந்தது. பேச ஒன்றும் இல்லாதபோது, "கொஞ்சம் சத்தமாப் பேசு... அப்புறம், சொல்லு" என்பது எங்கள் எல்லோருக்கும் வாயில் ஊறிய பேச்சு. அப்படிச் சொன்னவர்களுக்கெல்லாம் எதிர்முனையில் இருந்தவர்கள், சாகும்வரை சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததை எல்லாம், அதுவும் சத்தமாக, சொல்லித் தீர்த்தார்கள். இரண்டு நிச்சயதார்த்தம் நின்றது. ஒரு அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்தார்கள், சேர்ந்த வேகத்திலேயே பிரிந்தார்கள்.

ஊர்க்கூட்டம் போட்டோம். ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கோமதிநாயகத்திடம் கேட்பது என்று ஒரே மனதாக முடிவு செய்தோம். ஆனால் இப்போதே வேண்டாம், அம்மன் கொடைத் திருவிழா முடியட்டும், தேருக்கு வடம் பிடிக்க ஆள் கூப்பிட இது வசதியாக இருக்கும் என்றார் தர்மகர்த்தா. மகன் பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்றார் ஒருவர். மருமகள் பிரசவத்துக்குப் போய்விட்டு வரட்டும் என்றாள் ஒருத்தி. அடைக்கத்தான் வேண்டும், நாளை மறுநாள் அடைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். ஒவ்வொருவருக்கும் நாளை மறுநாள் ஒவ்வொரு மாதத்தில் வந்தது.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் தன் காரியத்தைச் செய்தாள்.

பேச்சியம்மாள் ஆற்றுப்பாதையில் இருக்கும் ரைஸ் மில்காரி. புருஷன் போன பிறகு மில்லையும், திரவியம் என்ற முப்பது வயது மகனையும் ஒரே சுவிட்சில் ஓட்டிக்கொண்டிருந்தவள். திரவியத்துக்கு எந்த அரைப்புள்ளியும் தேவைப்பட்டதில்லை. அம்மா சொன்னால் முற்றுப்புள்ளிக்கு முன்பே செய்துவிடுவான். அவனுக்குப் பெண் பார்த்தபோது பேச்சியம்மாளுக்குப் பிடித்தது கோமதிநாயகத்தின் கொழுந்தியாள் உலகம்மாளை. உலகம்மாள் எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், கை நோகாமல் ரத்தம் எடுப்பவள், அக்காள் வடிவு வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்தவள். சம்பந்தம் பேசி வந்தபோதே, மாப்பிள்ளை நல்லவர், ஆனால் அவரிடம் நான் எதைக் கேட்டாலும் அம்மாவைக் கேட்டுத்தான் பதில் வரும், அதற்கு அம்மாவையே கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை உண்டு. ரத்தம் எடுக்க வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். உலகம்மாள் போய், ஊசி குத்தி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் மெல்லச் சொன்னாள்.

"எம்மா உலகு, வேக்காடா இருக்கு, அந்த ஃபேனக் கொஞ்சம் கூட்டி வையேன், அப்புறம் எங்க வீட்டு மருமவளா இங்கயே இரு, வேற எவ வந்து என்ன சொன்னாலும் காதுல வாங்காத."

உலகம்மாள் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நிலைப்படி வரை போன கால்கள் அங்கே நின்றுவிட்டன.

"அத்த, நீங்க செய்யுதது அநியாயம்."

"அநியாயந்தாம்மா. உக்காரு, காப்பி போடுதேன்."

அவள் புத்தி தெளிவாக இருந்தது. நாக்கும் தெளிவாக இருந்தது. பேச்சியம்மாளை அவள் திட்டிய திட்டு மில் சத்தத்தையும் தாண்டி ஆற்றுப்பாதைவரை கேட்டது. கால் மட்டும் படி தாண்டவில்லை. ஆவணி பிறந்ததும் முதல் திங்கட்கிழமை முகூர்த்தம் என்று பேச்சியம்மாள் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாள். திரவியம் மில்லுக்குள் தவிட்டுத் தூசிக்கு நடுவில் நின்றுகொண்டு, வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருந்தான்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்கக்கூடாது. பந்திக்கு எத்தனை கூட்டு என்று விசாரித்தோம்.

வடிவு ஓடினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி உலகு, இந்தக் கம்பியக் கொஞ்சம் தொடு, அப்புறம் வெளிய வாட்டி" என்று அழுதாள். உலகம்மாள் கம்பியைத் தொட்டாள், வெளியே வர முடியவில்லை. வேறு யார் பேச்சும் அவளுக்குள் இறங்காதபடி பேச்சியம்மாள் பார்த்திருந்தாள். சரி, பேச்சியம்மாளையே மடக்கலாம் என்று, "அத்த, ஒரு வாய் மோர் குடுங்க, அப்புறம் எந்தங்கச்சிய விடுங்க" என்றாள் வடிவு.

"மோர் இல்ல" என்றாள் பேச்சியம்மாள்.

உப்புக் கேட்டாள், இல்லை. மணி கேட்டாள், தெரியாது. சற்று நகர்ந்து உட்காரச் சொன்னாள், மாட்டேன். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. முதல் காரியத்துக்கு இசைந்தால்தான் இரண்டாவது உள்ளே போகும். பேச்சியம்மாள் பிறந்ததிலிருந்து பிறத்தியார் கேட்ட எதையும் செய்தவள் இல்லை. அவளுக்குள் நுழைய வழியே கிடையாது. ஓட்டை இருந்ததெல்லாம், கேட்டதும் எழுந்து போய் எடுத்துக் கொடுக்கிற ஆட்களிடம்தான்.

இதிலிருந்து ஒரு நல்ல பாடத்தைக் கற்றிருக்கலாம். நாங்கள் கற்றது வேறு. மறுநாளிலிருந்து ஊரில் யாரும் யாருக்கும் எதையும் செய்யவில்லை. மணி கேட்டால் மௌனம். வழி கேட்டால் முதுகு. ஜெபமணி அண்ணாச்சி, "டீ குடிக்கணும்னா நீங்களே போட்டுக்கிடுங்க" என்று பாலையும் தூளையும் வெளியே வைத்துவிட்டுக் கல்லாவுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பத்தே நாளில் பேச்சியம்மாளைப் போல ஒரு ஊரே ஆகிவிட முடியும் என்று நாங்கள் காட்டினோம்.

அப்படி இருந்த ஒரு மத்தியானம், வெளியூர்ப் பெரியவர் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி, தலை சுற்றுகிறது, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று மேலத்தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். தண்ணீருக்கு அப்புறம் என்ன சொல்வாரோ என்று நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம். அவர் சந்தைமுக்குக் குழாய்வரை போனார். இத்தனை வருஷம் ஒழுகிய குழாய் இப்போது இறுக்கி மூடிக் கிடந்தது. அதைத் திருக அவர் கையில் பலம் இல்லை. அங்கேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால், ரத்தம் பார்க்க வேண்டிய லேப் பூட்டிக் கிடந்தது. அதன் சாவியோடு உலகம்மாள் ரைஸ் மில் வீட்டில் இருந்தாள். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். பிழைத்துக்கொண்டாரே என்று நாங்கள் அவருக்கு நன்றியோடு இருந்தோம், எங்களைப் பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றினார் என்று.

வடிவு வீட்டில் போராடிக்கொண்டுதான் இருந்தாள். கோமதிநாயகத்துக்குள் கட்டளையை ஏற்றுவது சுலபம் என்று முதலில் நினைத்தாள்.

"ஏங்க, இந்த சிலிண்டரக் கொஞ்சம் உருட்டி வைங்க, அப்புறம் அந்த ஓட்டைய அடைங்க."

"ஒரு நிமிசம், வடிவு."

அந்த ஒரு நிமிசம் கல்யாணமான நாளிலிருந்து முடியவில்லை. கோமதிநாயகமும் வீட்டில் கேட்ட காரியத்தைச் செய்து அறியாதவர்; அவரும் பேச்சியம்மாளைப் போலவே பாதுகாப்பாக இருந்தார்.

"ஒங்க ஜன்னல் வழியாத்தான எந்தங்கச்சியத் தூக்கிட்டுப் போயிருக்கா?"

"வடிவு, இது உலகம் பூரா ஓடுதது. திடீர்னு அடைச்சா எங்கெங்கயோ ஒடையும். பொறுமையாத்தான் செய்யணும்."

வடிவு அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவருக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே பஸ் பிடித்தாள். அவள் போனதே கோமதிநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. காப்பி வேண்டியிருந்தபோது, காப்பித்தூள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்பது தெரிந்தது. மனைவி தங்கச்சியிடம்தான் இருப்பாள் என்று நினைத்து, அதைக் கேட்பதற்காக, அவ்வளவுக்கு மட்டும்தான், ரைஸ் மில்லுக்குப் போனார்.

பேச்சியம்மாள் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். முற்றத்துக் குழாயும் வாளியும் படிக்கு வெளியே இருந்தன. உலகம்மாள் ஜன்னலுக்குப் பின்னால், தலைமுடியிலும் புருவத்திலும் தவிடு படிந்து, உதடு வெடித்து நின்றிருந்தாள். மில் இரவு பகலாக ஓடும் சத்தத்தில் அவள் கண்ணை மூடியே பல நாள் ஆகியிருந்தது.

"அக்கா இங்க வந்தாளா?" என்றார் கோமதிநாயகம்.

"வரல. அத்தான், குடிக்கக் கொஞ்சம் தண்ணி எடுத்துத் தாங்களேன்."

எதிர்த்த மதில்மேல் நாங்கள் ஒரு கூட்டமாக இருந்தோம். 'ஒரு நிமிசம்' என்று சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். அவள் உதட்டைப் பார்த்தார். போய், குழாயைத் திருகி, சொம்பைக் கழுவி, நிரப்பி, கம்பிக்கு நடுவே நீட்டினார். அவர் இசைந்துவிட்டார், கதவு திறந்துவிட்டது, இனி அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நாங்கள் மதிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். அவருக்கும் அது தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

உலகம்மாள் சொம்பை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"போதும் அத்தான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன?"

அவர் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காப்பித்தூளை மறந்து, சொம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த மாணவிக்கு, 'நீங்கள் சொன்னதுதான் சரி, அது ஓட்டை, நான் மடையன்' என்று முதலில் எழுதினார். அதற்கு அப்புறம்தான் கட்டளையைத் திறந்தார்.

பகைவனிடமும் அந்த ஆயுதத்தை எடுக்க மாட்டேன் என்று உலகம்மாள் காத்த தர்மத்தைப் பற்றி எங்கள் ஊரில் இப்போதும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். ஒருமுறை அவளிடமே கேட்டோம். "வாய் நெறையத் தண்ணி இருந்துச்சு," என்றாள். "அந்நேரத்துல எவளுக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்?" அவள் சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்களுடையது இன்னும் நன்றாக இருக்கிறது.

கோமதிநாயகம் திருத்தி வெளியிட்டதும், ஜெபமணி அண்ணாச்சியிடம் போய், டீ போட்டு, அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னோம். டீயை மட்டும் ஆற்றி வைத்துவிட்டு, "போங்கவே, வேலையத்த பயலுவளா" என்றார். ஊரே குரவையிட்டது. ஆனால் உலகம்மாளின் கால் அப்போதும் படி தாண்டவில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. கோமதிநாயகம் ஊரைக் கூட்டினார். எங்களுக்கு முன்னால் அவர் தலை குனிந்து நின்றது அதுதான் முதல்முறை.

"ஓட்டைய அடைச்சாச்சு. புதுசா எதுவும் உள்ள போவாது. ஆனா ஏற்கெனவே உள்ள போன கட்டள ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். மிஷினா இருந்தா ஒரு தடவ சுவிட்ச அமத்திப் போட்டாச் சரியாப் போயிரும்."

"மனுசன எப்படிவே அமத்த?"

"உறங்கணும்."

"தெனமும் உறங்கத்தான செய்யுதோம்?"

"எல்லாரும் ஒரே நேரத்துல உறங்கணும். ஒருத்தர் முழிச்சிருந்தாலும் பழைய கட்டள அவருகிட்ட போயி ஒளிஞ்சுக்கிடும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நேரம் குறித்தோம். அதைப்போல எளிதான காரியம் எங்களுக்கு யாரும் தந்ததில்லை என்று நினைத்தோம். ஆபீஸில் உறங்கினவர்கள், கூட்டத்தில் உறங்கினவர்கள், ஓடுகிற பைக்கின் பின்சீட்டில் உறங்கினவர்கள், ஊர் நன்மைக்காக உறங்க வேண்டும் என்றதும் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்தோம். அருணாசலம்பிள்ளை தன் பழைய பாடக் குறிப்புகளை ஒலிபெருக்கியில் வாசித்தார். அதில் முக்கால்வாசி ஊர் சாய்ந்தது. மிச்சம் பேரோடு அவரும் சாய்ந்தார். மாடுகள் படுத்தன. பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் டிரைவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்தார். ஆஸ்பத்திரியில் உள்நோயாளி யாரும் இல்லை; டாக்டர் மேசைமேல் தலைவைத்தார். கோமதிநாயகம், ஊருக்குத் திரும்பியிருந்த வடிவுக்குப் பாய் விரித்துக் கொடுத்துவிட்டுத் தானும் படுத்தார்.

ரைஸ் மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைக் காவலாக வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் உறங்கினால் உறங்கட்டும், நான் உறங்க மாட்டேன் என்று அவள் முடிவு செய்திருந்தாள். உலகம்மாள் சுவரில் சாய்ந்து, சிவந்த கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மில் நின்றது.

பட்டைகள் ஓய்ந்து, சல்லடைகள் ஓய்ந்து, சுவர் நடுங்குவது ஓய்ந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை. தவிடு பூசிய உடம்போடு திரவியம் உள்ளே வந்தான்.

"ஏல, ஏன்ல நிப்பாட்டுன? போய் ஓட்டு."

திரவியம் தாயைப் பார்த்தான். உலகம்மாளைப் பார்த்தான்.

"எம்மா, எனக்கு உறக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டான்.

பேச்சியம்மாள் அவனை மறுபடி கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. உண்மையாகவே அவன் உறங்கிவிட்டான். மகன் முதன்முதலாகச் சொன்ன 'மாட்டேன்' இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அதட்ட வார்த்தை தேடிக்கொண்டே இருந்தவள், காவல் காக்கச் சத்தம் எதுவும் இல்லாத அந்த வீட்டில், எத்தனையோ வருஷத்துக் களைப்பு ஒன்றாக வந்து கண்ணை அழுத்த, மெல்லத் தலையணையில் சாய்ந்தாள். உலகம்மாள் அதற்கு முன்பே உறங்கியிருந்தாள்.

அவ்வாறாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மருதம்பத்தில் விழித்திருக்கிற உயிர் ஒன்றும் இல்லாமல் போனது.

பேச்சியம்மாள் பிடுங்கி வைத்திருந்த உலகம்மாளின் போன், பேச்சியம்மாளின் தலையணைக்கு அடியில் இருந்தது. பிற்பகல் ட்யூட்டிக்காக என்றோ வைத்த அலாரம் அதில் அடித்தது. பேச்சியம்மாள் அசையவில்லை. உலகம்மாள் கண்ணை விழித்து, எழுந்து, போனை உருவி அலாரத்தை நிறுத்தினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உறங்குகிற திரவியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, அவன்மேல் ஓடிக்கொண்டிருந்த எறும்பைத் தட்டிவிட்டாள். நிலைப்படிக்கு வந்தாள். ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தாள், அது போனது. அடுத்ததும் போனது. முற்றத்துக் குழாயில் தலையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நாங்கள் எல்லோரும் அவள் நடந்து வந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறோம். ராணி மாதிரி வந்தாள் என்கிறார் தர்மகர்த்தா. கண்ணில் நீர் வழிய வந்தாள் என்கிறார் அருணாசலம்பிள்ளை. ஒருவரும் பார்க்கவில்லை. வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்ட மயக்கத்திலும், ஊர் நன்மைக்கு உறங்குகிற அவசரத்திலும், வாசல் கதவைச் சாத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பீரோவும் அடுக்களையும் தெரிய, தெரு முழுக்க வீடுகள் திறந்து கிடந்தன. வெளியூர் ஆடுகள் இரண்டு கீழத்தெருவில் மேயத் தொடங்கியிருந்தன.

சாயங்காலம் முதலில் விழித்தவர் மரக்கடைக்காரர். "எவம்ல எங்கதவச் சாத்துனது?" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தார். எதிர்வீட்டுக்காரரும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். சண்டை மூண்டு, தெரு கூடி, சாட்சி தேடி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டோம்: ஆற்றுப்பாதையில் ரைஸ் மில்லுக்கு அடுத்த வீட்டிலிருந்து, கீழத்தெரு வழியாக, மேலத்தெரு வழியாக, ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும், வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டின் கதவும் ஆடு நுழையாதபடி இழுத்துச் சாத்தப்பட்டிருந்தது.